பயந்த சுபாவம் உள்ளவர் விசுவாசத்தைத் தைரியமாக வாழ முடியுமா?

முடியும். நானும் பயந்த சுபாவம் உள்ளவன்தான், அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

தைரியம் என்றால் பலருக்கு விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த இரத்தசாட்சிகள் நினைவுக்கு வருவார்கள். எனக்கு நிக்கொதேமுதான் வருவார். யூதர்களின் அதிகாரிகளில் ஒருவர், இயேசுவைப் பார்க்க இரவில் வந்தவர். அரிமத்தியா யோசேப்பும் பயத்தினால் இரகசிய சீஷனாகவே இருந்தார் என்று யோவான் தன் சுவிசேஷத்தில் மறைக்காமல் எழுதுகிறார். ஆனால் இயேசு சிலுவையில் மரித்த அந்த மாலையில், ரோம ஆளுநர் பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டவர் இந்த யோசேப்பு. 'துணிந்து' போனார் என்கிறார் மாற்கு (15:43). நிக்கொதேமு உடலை அடக்கம் செய்ய ஏறக்குறைய 100 இராத்தல் வாசனைத் திரவியத்தோடு வந்தார். இன்றைய கணக்கில் சுமார் 33 கிலோ. அதை ஒளித்து எடுத்துவர முடியாது. இயேசுவின் பக்கம் நின்று எந்த லாபமும் இல்லாத நேரத்தில்தான் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

இயேசுவின் சீஷன் பேதுருவைப் பாருங்கள். இயேசுவைப் பிடிக்க வந்தபோது தோட்டத்தில் வாளை உருவியவர், அதே இரவில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கு 'நான் அவரை அறியேன்' என்றார். வேகத்தையும் சத்தத்தையும் தைரியம் என்று எண்ணுகிற குழப்பம் நம் சபைகளில் நிறைய இருக்கிறது.

பிறகு அதே பேதுருவை அதிகாரிகள் மிரட்டி அனுப்பியபோது, விசுவாசிகள் கூடி ஜெபித்தார்கள் (அப்போஸ்தலர் 4). மிரட்டலை நிறுத்தும் என்று கேட்கவில்லை, வசனத்தைச் சொல்லத் தைரியம் தாரும் என்று கேட்டார்கள். அப்போஸ்தலன் பவுல்கூட காவலில் இருந்தபடி, தான் தைரியமாய்ப் பேச ஜெபிக்கும்படி எபேசு சபைக்கு எழுதினார். அவருக்கே அது கேட்டு வாங்க வேண்டியதாக இருந்தது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், செய்யாத ஆய்வைச் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டேன். அன்று இரவு முழங்காலில் நிற்கவே கூசியது. மூன்று மாதம் கழித்து அதே மாதிரி தாள் மறுபடியும் மேசைக்கு வந்தது. வெளியே போய், சபையில் பழக்கமான ஒரு அண்ணனுக்குப் போன் செய்து 'எனக்காக இப்போதே ஜெபியுங்கள்' என்றேன். அப்புறம் உள்ளே வந்து, 'இதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது சார்' என்றேன். குரல் நடுங்கியது. முதல் தடவை நான் போட்ட கையெழுத்தும் பொய் என்று அதோடு சேர்த்தே சொல்லிவிட்டேன்.