தரம் ஒன்றுக்கு எந்தப் பள்ளிக்கூடம்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நிலாவெளி வீதியில் இருக்கிறோம். மகளுக்கு அடுத்த வருடம் தரம் ஒன்று. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஆரம்பப் பாடசாலை இருக்கிறது, மொத்தமே அறுபது பிள்ளைகள்தான். இவரோ திருகோணமலை டவுனில் தான் படித்த பெரிய பாடசாலையில்தான் சேர்க்க வேண்டும் என்று நிற்கிறார், மாமியும் அதே பேச்சு. எனக்கு இவ்வளவு சின்னப் பிள்ளையை அவ்வளவு கூட்டத்துக்குள் விட மனமில்லை. சின்னப் பாடசாலை நல்லதா, பெரியதா? நீங்கள் சின்னப் பாடசாலையில் படித்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

ஆமாம், நான் படித்தது சின்னப் பாடசாலைதான். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள், நடுவில் மறைப்புச் சுவர்கூட இல்லாத ஒரே மண்டபம். அப்போது தரம் என்று சொல்வதில்லை, ஆண்டு. நான் மூன்றாம் ஆண்டில் இருந்துகொண்டு ஐந்தாம் ஆண்டுக்காரருக்குச் சொல்லும் கணக்கை ஒட்டுக்கேட்டுப் பழகியவன். ஆனால் அதை வைத்து உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன், அந்தப் பாடசாலையைப் புகழத் தொடங்கினால் என் சின்ன வயதைப் புகழ்ந்து முடிப்பேன், அவ்வளவுதான்.

நீங்கள் பாடசாலையின் அளவைக் கேட்கிறீர்கள். பிள்ளைக்குத் தெரிவது வகுப்பின் அளவு. இது இரண்டும் ஒன்றில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985இல் ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள், ஸ்டார் என்று பெயர். பாலர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பிலும் மற்றவர்களை 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பிலும் விட்டுப் பார்த்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் நின்றார்கள், அதிலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பலன். கவனியுங்கள், அவர்களுடைய 'பெரிய' வகுப்பே இருபத்தைந்துதான்! நம் டவுன் பாடசாலைக்காரர் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

என் மகள் படித்தது அப்படியொரு பெரிய பாடசாலையில், வகுப்பில் நாற்பதுக்குக் கிட்ட. நல்ல டீச்சர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது ஒன்றரை வருடம் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதி ஓட்டியிருக்கிறாள். 'கவனயீனம்' என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதி வந்தது, நானும் அதை நம்பி ஏசியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது. பதினைந்து பேர் இருந்த வகுப்பென்றால் இரண்டாம் கிழமையே யாராவது கண்டிருப்பார்கள்.

அப்படியென்றால் கிட்ட உள்ளதில் போடு என்று சொல்லிவிடலாமா? பொறுங்கள். நம் பக்கத்துப் பாடசாலைகள் சிறியதாய் இருக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டுக் கட்டியதில்லை, பெரும்பாலும் சிறுத்துப்போனவை. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை, திரும்பியவர்களிலும் மோட்டார் சைக்கிளும் வானுக்குக் கொடுக்கக் காசும் உள்ளவர்கள் பிள்ளையை டவுனுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியது கடலுக்குப் போகிறவர்களின், கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அதற்கப்புறம் 'இவ்வளவுதான் இந்தப் பிள்ளைகளுக்கு வரும்' என்று ஆசிரியரே நினைக்கத் தொடங்கிவிட்டால் வகுப்பில் எட்டுப் பேர் இருந்தென்ன, எண்பது பேர் இருந்தென்ன. ஒரு டீச்சர் பிரசவ லீவில் போனால் இரண்டு தரத்தையும் ஒன்றாக்குவார்கள், ஆங்கில டீச்சர் மாற்றலாகிப் போனால் அந்த இடம் வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு தரத்தை ஒன்றாக வைத்துப் படிப்பிப்பது அதுவாகவே பிழையில்லை, கொலம்பியாவில் எழுபதுகளிலிருந்து எஸ்குவேலா நுவேவா என்ற பெயரில் கிராமப் பாடசாலைகளில் அப்படியே செய்து நன்றாக நடத்தினார்கள், ஆனால் அதற்கென்று தனிப் பாடநூலும் பயிற்சியும் கொடுத்துச் செய்தார்கள். ஆள் இல்லாமல் ஒன்றாக்குவது வேறு கதை.

இன்னொன்று, பெரியவர்கள் நினைக்காதது. அந்தத் தரம் ஒன்றில் உங்கள் மகளோடு எத்தனை பெண் பிள்ளைகள்? ஆறு பேர் வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண் என்றால், ஐந்து வருடம் அந்த ஐந்து பையன்கள்தான் உலகம். ஒருவனோடு சரிவராவிட்டால் மாறி உட்கார வேறு வாங்கு இல்லை.

சரி, உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருவோம். உங்கள் கணவர் தரம் ஒன்றைப் பற்றிப் பேசவில்லை, தரம் ஆறைப் பற்றிப் பேசுகிறார். பெரிய பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் ஒருமுறை கால் வைத்துவிட்டால் பிள்ளை அங்கேயே மேலே போய்விடும். கிட்ட உள்ளதில் போட்டால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெற்றிடம் தேடி அலைய வேண்டும். இது நியாயமான பயம்தான். அதுவும் அனுமதியில் அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம் என்று இருக்கும்போது, உங்களுக்கு டவுன் தூரம், ஆனால் அவர் பழைய மாணவர். கையிலிருக்கிற துருப்பை விட மனம் வராது. இதை அவர் வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பிரச்சினை முடியும், 'பெரிய பாடசாலையில்தான் படிப்பு' என்று சுற்றி வளைப்பதால்தான் உங்களுக்கு எரிச்சல் வருகிறது.

என்னிடம் கேட்டால், கிட்ட உள்ளதுக்கே என் வாக்கு, ஆனால் பார்த்துவிட்டு. ஒரு காலைப்பொழுது அங்கே போங்கள். தரம் ஒன்று டீச்சர் எத்தனை வருடமாக இருக்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று கேளுங்கள். பஸ் தவறினால் வராத டீச்சரா, ஊரிலேயே இருப்பவரா என்பது பெரிய விஷயம். தரம் மூன்றுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தட்டாமல் வாசித்தால் யோசிக்காமல் சேர்க்கலாம். எழுத்துக் கூட்டித் தடுமாறினால் உங்கள் கணவர் சொல்வதே சரி, வானையும் கூட்டத்தையும் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். அப்படிப் போனால் மகளை முன் வாங்கில் இருத்தச் சொல்லுங்கள், அதற்கு முதல் ஒருக்கால் கண்ணையும் காட்டிவிடுங்கள்.

மாமிக்கு என்ன சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.