காட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல நாம் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேசியக் காடுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மரம் வெட்டும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். காட்டைப் பார்த்துக்கொள்வது வனவியல் படித்தவர்களின் வேலை. நகரத்தில் இருப்பவர் கருத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சுற்றுச்சூழல் மதிப்பீடு, கருத்துக்கேட்பு, வழக்கு என்று இழுப்பதால்தான் அங்கே காட்டுத்தீ பெருகுகிறது என்றும் சொல்கிறார்களே?

கே.

அன்புள்ள கே.,

படித்தவர்களிடம் விட்டுவிடலாம் என்கிறீர்கள். 1960-களில் அப்படித்தான் விட்டிருந்தார்கள். மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் தேசியக் காட்டில் மலைச்சரிவுகளை மொத்தமாக மொட்டையடித்து, படிக்கட்டுபோல மண்ணை வெட்டி, மரக்கன்று நட்டார்கள். எதிர்த்தவர்களில் பள்ளத்தாக்கில் மாடு வளர்ப்பவர்கள் இருந்தார்கள். அதே காட்டுக்கு முன்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற கை பிராண்ட்போர்க்கும் இருந்தார். செனட்டர் லீ மெட்காஃப் கேட்டுக்கொண்டதால் மொன்டானா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆராய்ந்து, 1970-இல் அறிக்கை கொடுத்தார்கள். அங்கே நடப்பது வனவியலே இல்லை, சுரங்கம் தோண்டுவதுபோல மரத்தைத் தோண்டி எடுப்பது என்பதுதான் அதன் சாரம். வெட்டச் சொன்னவர்களும் படித்தவர்கள், தப்பு என்றவர்களும் படித்தவர்கள். வெளியிலிருந்து சத்தம் வராவிட்டால் இந்த இரண்டாவது கூட்டம் வாய் திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மேற்கு வர்ஜீனியாவின் மொனோங்கஹேலா காட்டில் இது இன்னும் தூரம் போனது. அங்கே முதலில் கோபப்பட்டவர்கள் காட்டு வான்கோழி வேட்டைக்காரர்கள். வழக்கு நடந்தது. முதிர்ந்த மரத்தை மட்டும், அதுவும் ஒவ்வொன்றாக அடையாளமிட்டுத்தான் விற்கலாம் என்று 1897-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்வதாக 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு வருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தேசியக் காடு மேலாண்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காட்டுத் திட்டம் தயாரிக்கும்போது மக்களுக்கும் இடம் தரவேண்டும் என்பது அதில் இருக்கிறது.

சரி, அப்படிச் சொல்லும் கருத்துக்கு என்ன பலம்? 1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் எந்த மரத்தையும் வெட்டாதே என்று சொல்லவில்லை. வெட்டினால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, எழுதி, வெளியே காட்டு என்கிறது. அவ்வளவுதான். தெரியாமல் முடிவெடுப்பதைத்தான் அது தடுக்கிறது, மோசமான முடிவையே தடுக்காது என்று 1989-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இங்கே தலை எண்ணுவதில்லை. 'திட்டத்தைக் கைவிடுங்கள்' என்று ஒரே வாசகத்தில் வரும் ஆயிரம் கடிதங்களைவிட, 'உங்கள் வரைபடத்தில் இந்த ஓடை இல்லை, பாதை அதன் குறுக்கேதான் போகிறது' என்று எழுதும் ஒரு கடிதத்துக்குக் கனம் அதிகம். பல ஆண்டுகளாக இருந்த விதிகளின்படி அதற்கு வனத்துறை பதில் எழுதியாக வேண்டியிருந்தது. இன்னொன்று, வனத்துறையின் 2013 விதிகளின்படி, கருத்துக் கேட்கும் காலத்திலேயே குறிப்பாக எழுதிக் கொடுத்தவர்தான் பொதுவாகப் பின்னால் ஆட்சேபம் எழுப்ப முடியும். அப்போது சும்மா இருந்துவிட்டால் பிறகு கதவு இல்லை.

நகரத்துக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரத்தின் குடிநீர், மவுண்ட் ஹுட் தேசியக் காட்டுக்குள் இருக்கும் புல் ரன் நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிறது. மேலே பாதை வெட்டி மண் சரிந்தால் கீழே குழாயில் கலங்கல்தான்.

தீ விஷயத்தில் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. பொண்டரோசா பைன் காடுகளில் சிறு மரங்களைக் கழித்து, கட்டுப்பாட்டோடு தீயிடுவது அவசியம். அதை வேண்டாம் என்பவர்களோடு நான் இல்லை. ஆனால் காடு இப்படி அடர்ந்ததற்குக் காரணம் காகித வேலை இல்லை. பூர்வகுடிகள் காலங்காலமாக வைத்துவந்த சிறு தீயைத் தடை செய்தார்கள். 1935-இலிருந்து எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கவேண்டும் என்று கொள்கையே வைத்திருந்தார்கள். அதோடு இப்போது வெப்பமும் கூடிவிட்டது. வனத்துறையின் பெரும்பாலான முடிவுகள் விரிவான மதிப்பீடு தேவைப்படாத விதிவிலக்குப் பிரிவுகளில்தான் போகின்றன. இழுபறிக்கு ஆள் பற்றாக்குறையும் பெரிய காரணம். 2015-இல் முதன்முறையாக வனத்துறையின் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் தீயணைப்புக்கே போனது. தீயணைப்பு அல்லாத ஊழியர்கள் 1998-இல் சுமார் 18,000 பேர். 2015-இல் 11,000-க்கும் கீழே. ஓடையையும் செடியையும் போய்ப் பார்த்து மதிப்பீடு எழுதவேண்டியவர்கள் இவர்கள்தானே?

மதிப்பீட்டுக்குக் கெடு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்தச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின் 2023 திருத்தம் சிறிய மதிப்பீட்டுக்கு ஒரு வருடம், பெரியதற்கு இரண்டு வருடம் என்று வைத்தது. பக்கத்துக்கும் வரம்பு வைத்தது. இருக்கட்டும். மக்களைக் கேட்கும் நாளைச் சுருக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2001-இல் 5.85 கோடி ஏக்கர் காட்டில் புதுச் சாலை போடக்கூடாது என்று விதி வந்தபோது, முன்னதாகச் சுமார் 600 கூட்டங்கள் நடந்தன, 16 லட்சம் கருத்துகள் வந்தன. அந்த விதியை நீக்கும் யோசனைக்கு 2025-இல் மூன்றே வாரம் கொடுத்தார்கள்.

அன்புடன்.