திங்கட்கிழமை முன்பணம் கட்டுவதற்கு முன்னால்

அம்மா,

போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகனும் உங்கள் அண்ணனும் அவனுடைய மேல்படிப்பு பற்றிப் பேசத் திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தபோது பாதிதான் பேச முடிந்தது. மீதி நேரம் உங்கள் அண்ணனே பேசினார். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. "ஏ.ஐ. படிச்சாத்தானுங்க இனிமே சோறு" என்றார். பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம், விடுதியோடு சேர்த்து நாலு வருடத்துக்கு 12 லட்சம், முன்பணம் திங்கட்கிழமைக்குள், பணத்துக்கு அரை ஏக்கர் காட்டை அடமானம் வைப்பது என்று எல்லாம் முடிவாகியிருந்தது. கிளம்பும்போது நீங்கள் மட்டும் மெதுவாகக் கேட்டீர்கள்: "பையன் போட்டோ எடுக்கறேங்கறானுங்க. அதெல்லாம் ஒரு பொழப்புங்களா சார்?"

பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் தப்பு. நான் சொல்லியிருக்க வேண்டியது, அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள் என்பதுதான்.

முதலில் பணக்கணக்கு. தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். பொறியியல்தான் வேண்டுமென்றால், 2021 முதல் இருக்கிற 7.5% உள் ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேரலாம்; படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. அந்த வழியை விட்டுவிட்டு, கல்லூரியின் பெயர்ப்பலகைக்காகக் காட்டை அடகு வைக்க வேண்டிய அவசியம் என்ன? சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குடும்பம் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் மனம் நோகக்கூடாது என்று நான் வாயைத் திறக்கவில்லை. பையன் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டான். கடன் இன்னும் தீரவில்லை. அதனால் இந்த முறை தயங்காமல் சொல்கிறேன்.

இனி தம்பி விஷயம். நீங்களும் அண்ணனும் வெளியே டீ குடிக்கப் போனபோது அவன் போனில் சில படங்கள் காட்டினான். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஆணியில் தொங்குகிற அவன் அப்பாவின் சட்டை, ஏழு மாதமாக அதே இடத்தில். ராத்திரி வீடியோ காலில் பேசும்போது போன் வெளிச்சம் மட்டும் விழுந்த உங்கள் முகம். வாசலில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வந்து நின்றுபோன டயர் தடம், அதில் தேங்கிய தண்ணீர். அப்பா போர் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார், மழைக்காலத்தில்தான் வீடு வருவார் என்றான். "அப்பா இல்லாத வீட்டை எடுக்கறேன் சார்" என்றான். பதினேழு வயதில் இப்படி ஒரு வாக்கியம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: ஆவணப் புகைப்படக் கலை. கல்யாண ஆல்பமும் ஸ்டுடியோவும் வேறு தொழில். இதில் ஒரு வாழ்க்கையை, ஒரு ஊரை, ஒரு அநீதியை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பதிவு செய்கிறார்கள். பத்திரிகை கேட்டு எடுத்துக்கொடுப்பது ஒரு பக்கம். யாரும் கேட்காமல் தானே எடுத்துக்கொண்டு செய்கிற நெடுங்கால வேலை இன்னொரு பக்கம். ஒரு புகைப்படக்காரர் யார் என்று தெரிவது இந்த இரண்டாவதில்தான். விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் பட்டம், தனியார் டிப்ளமோ பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் பேசப்போவது இதைப் பற்றி.

மதுரை மாவட்டம் வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன் தானே கற்றுக்கொண்டவர். பல வருடம் வெளியே போய், திருநங்கையர் உட்படப் பிறருடைய வாழ்க்கையைப் படமாக்கினார். 2020 ஊரடங்கில் சொந்த ஊரில் இருக்க நேர்ந்தபோதுதான் கேமரா அவருடைய வீட்டுப் பக்கம் திரும்பியது. தலித் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்திய பாட்டியின் குடும்பம், அந்தக் குடும்பத்துக்குள் இருக்கிற சாதியின் வலி, அன்பு எல்லாம் அவருடைய முக்கியமான வேலையாயின. மதுரையில் மீன் விற்கும் அம்மாவின் மகன் எம். பழனி குமார், கையால் மலம் அள்ளும் கொடுமைக்குப் பலியானவர்களின் குடும்பங்களை விடாமல் பின்தொடர்ந்து எடுத்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' ஊரக ஆவணக் களஞ்சியத்தில் இன்று புகைப்படக்காரராக இருக்கிறார். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் பெயர் தாங்கிய தயானிதா சிங்–பாரி விருதின் முதல் ஆண்டான 2022இல் அது அவருக்குத்தான் கிடைத்தது.

இன்னொருவரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி நிற்கிற இடத்துக்கு அவர் மிக அருகில் இருக்கிறார். சோரப் ஹுரா படித்தது பொருளாதாரம். 2005 வாக்கில் வேலை உறுதித் திட்டத்துக்கான இயக்கத்தோடு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார். ஆனால் வீட்டில் அம்மாவுக்கு 1999 முதல் கடுமையான மனச்சிதைவு நோய். வெளியே உலகத்தை எடுத்துக்கொண்டிருந்தவர் மெல்ல அம்மாவையும், அம்மாவின் நாயையும், அந்த வீட்டையும் எடுக்க ஆரம்பித்தார். புத்தகங்களைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். பிறகு குறும்படம், இப்போது ஓவியம். 2020இல் உலகப் புகழ்பெற்ற மேக்னம் புகைப்படக்காரர்கள் கூட்டமைப்பின் முழு உறுப்பினர் ஆனார். ஒரே ஆள், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வேலையின் உருவமே மாறியிருக்கிறது. தம்பியும் இப்படித்தான் மாறுவான். இன்றைக்கு என்ன கேமரா, என்ன கோர்ஸ் என்று முடிவு கட்டிவிட்டு அப்படியே போகிற பாதை இது இல்லை.

சரி, என்ன செய்வது? அரசு கலைக் கல்லூரியில் பொருளாதாரமோ வரலாறோ சேரட்டும். கட்டணம் உங்கள் கைக்குள் அடங்கும். அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அந்த மூன்று வருடமும் ஒரே ஒரு வேலை: அப்பா இல்லாத வீடு.

முதல் வருடம் போனே போதும். நல்ல கேமரா வேண்டுமென்றால் பழையது ஒன்றும் 35 எம்எம் லென்ஸ் ஒன்றும், அதுவும் அவன் சம்பாத்தியத்தில். கல்யாண சீசனில் யாராவது ஒரு கேமராக்காரருக்கு உதவியாளாகப் போகட்டும். லைட் பிடிப்பதும் ஆல்பம் டிசைனும் கைவந்தால் பிற்காலத்திலும் சோறு போடும். அது கேவலமில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் நாலு வரி எழுத வேண்டும்: தேதி, இடம், யார், என்ன சொன்னார்கள். மாதம் ஒருமுறை நல்லதாகத் தோன்றுகிற நாற்பது படங்களை 4க்கு 6 அளவில் அச்சிட்டுக் கூடத்துத் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் பேசுகிறது, எது சும்மா அழகாக மட்டும் இருக்கிறது என்பது திரையில் தெரியாது, தரையில் தெரியும். மூவாயிரம் எடுத்தால் இருபத்தைந்து மிஞ்சும். அந்த இருபத்தைந்தை வரிசைப்படுத்தி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு ஒரு மாதிரிப் புத்தகம் செய்யட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பிடிக்காது. கலைத்து மறுபடி அடுக்கட்டும். எல்லாப் படத்தையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாம் வருட விடுமுறையில் பதினைந்து நாள் அப்பாவோடு வண்டியில் போகட்டும். துளையிலிருந்து கிளம்புகிற வெள்ளைப் புழுதி, லாரி நிழலில் சமையல், கம்ப்ரசர் சத்தத்துக்குள் தூங்குகிறவர்கள். அதைப் பார்க்காமல் வீட்டின் வெறுமை முழுசாகப் புரியாது. உங்கள் தெருவிலேயே ரிக் வண்டிக் குடும்பங்கள் எத்தனை! அந்த வீடுகளுக்கும் போகட்டும். அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்புகிற குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பா தன் போனில் எடுத்து அனுப்புகிற மங்கலான படங்களும் ஒருநாள் இந்த வேலைக்குள் வரலாம்.

ஒன்றை அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன், உங்களுக்கும் தெரிய வேண்டும். தயானிதா சிங் 1989இல் ஒரு லண்டன் பத்திரிகைக்காக டெல்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுத்தார். படம் லண்டனில் வெளிவரும் என்று தெரிந்ததும் மோனா வேண்டாம் என்றார். தயானிதா பிலிம் சுருளை அவரிடமே கொடுத்துவிட்டார். நட்பு தொடர்ந்தது, புத்தகம் வந்தது 2001இல். அந்த மாதிரி, உங்கள் முகம் இருக்கிற எந்தப் படமும் உங்கள் சம்மதமில்லாமல் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. "இது வேண்டாம் கண்ணு" என்று நீங்கள் சொன்னால் அதோடு முடிந்தது.

பட்டம் முடிந்ததும் காந்திநகரில் இருக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) புகைப்பட வடிவமைப்பு முதுகலைக்கு நுழைவுத்தேர்வு எழுதலாம். மூன்று வருட வேலை ஒன்று கையில் இருக்கிறவனுக்கு அங்கே பேச விஷயம் இருக்கும். நல்கைகளுக்கும், அதாவது இந்த மாதிரி வேலைக்குக் கொடுக்கிற உதவித்தொகைகளுக்கும், விண்ணப்பிக்கலாம். சென்னையில் 2016 முதல் நடக்கிற புகைப்பட பினாலே என்கிற கண்காட்சித் திருவிழாவை அதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வருமானம் பற்றி மறைக்கமாட்டேன். முதல் ஐந்தாறு வருடம் கஷ்டம்தான். நல்கை கிடைக்கும் என்று நம்பி யாரும் வீடு நடத்த முடியாது. பத்திரிகை வேலை, தொண்டு நிறுவன வேலை, கல்யாணம், பயிற்சி வகுப்பு என்று கலந்துதான் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். அதனால்தான் கடன் கூடாது என்கிறேன். கடனில்லாதவன் குறைந்த வருமானத்தில் தாக்குப்பிடிப்பான். 12 லட்சம் கடனோடு யாரும் ஏழு மாதம் ஒரு சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தம்பிக்கும் நிபந்தனை உண்டு. பட்டத்தை அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும். கேமராவுக்கு வீட்டில் ஒரு பைசா கேட்கக்கூடாது. இரண்டாம் வருட முடிவில் அந்த நோட்டு காலியாக இருந்தால் இது அவன் நாட்டம் இல்லை என்று நாம் மூவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதும் கையில் பட்டம் இருக்கும், காடும் உங்கள் பெயரில் இருக்கும்.

அண்ணனிடம் நானே பேசுகிறேன். எண்ணை மட்டும் அனுப்பிவையுங்கள். அப்பா மழைக்கு ஊர் வந்ததும் மூவரும் ஒருமுறை வாருங்கள். அவர் இன்னும் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை என்று தம்பி சொன்னான். நாற்பதை அச்சிட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், என் அறைத் தரையில் பரப்பிப் பார்க்கலாம்.