தொடக்கப்பள்ளி ஆசிரியராக உங்களை அதிகம் சோதித்த ஆண்டு எது? அதை எப்படிக் கடந்தீர்கள்?

2021–22 கல்வியாண்டு. யோசிக்கவே வேண்டியதில்லை.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில், கடலை ஒட்டிய ஊர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்து வகுப்புக்கும் தலைமையாசிரியரும் நானும்தான். ஊரில் ஆண்கள் சிலர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள், சிலர் சொந்தமாக வல்லம் என்கிற சிறு படகு வைத்திருப்பவர்கள். பெண்களில் பாதிப்பேர் பாசிக்கு, அதாவது கடல்பாசி எடுக்கப் போவார்கள். இந்தக் கேள்விக்குப் பலரும் 2020 என்றுதான் பதில் சொல்வார்கள். பள்ளி பூட்டிக் கிடந்தபோது எங்கள் கண்ணில் படாமல் இருந்ததெல்லாம், திறந்த ஆண்டில்தான் மொத்தமாக வந்து நின்றது. அதனால் எனக்கு 2021–22.

2020 மார்ச்சில் பூட்டிய வகுப்பறைகளை ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்று திறந்தார்கள். அன்று என் முன்னால் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்தையே பார்த்திராத ஓர் இரண்டாம் வகுப்பு. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்து, ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராமல் தேர்ச்சி பெற்று, நேராக இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள். பென்சிலைப் பிடிக்கத் தெரியாது என்பது பெரிய விஷயமில்லை, அது ஒரு வாரத்தில் வந்துவிடும். மணி அடித்தால் என்ன அர்த்தம், ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும், வெளியே போகணும் என்றால் கேட்டுவிட்டுப் போக வேண்டும், இதெல்லாமே புதிது. ஒரு பையன் முதல் சில நாள் தோளிலிருந்து பையை இறக்கவே இல்லை. எழுதும்போதும் பை, சாப்பிடும்போதும் பை. "இறக்கி வைய்யா, யாரும் எடுக்க மாட்டாக" என்றால், தலையை ஆட்டிவிட்டு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

மூன்றாம் வகுப்பின் கதை வேறு. 2019 ஜூனில் சேர்ந்து ஒன்பது மாதம் படித்தவர்கள். கற்ற எழுத்தை எல்லாம் ஒன்றரை வருஷத்தில் மறந்திருந்தார்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்ததே, வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார்களே என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு போன். அந்தப் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும்.

அந்த நவம்பர் முழுக்க மழை, இடையிடையே விடுமுறை. அதையும் தாண்டிப் பாடத்தைத் தொடங்கியபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துத்தான் தெரியாது. மற்றபடி வாடைக்காற்று எப்போது திரும்பும், கச்சான் காற்று அடித்தால் தென்கடலான மன்னார் வளைகுடா ஏன் கொந்தளிக்கும், அப்போது வல்லத்தை ஏன் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் கொண்டு போகிறார்கள் என்று ஏழு வயசுப் பிள்ளை தெளிவாகச் சொல்லும். "மூணாப்பு வந்தும் 'அ'னா ஆவன்னா தெரியல" என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் முகம் சுளிக்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். இன்றைக்கும் வருகிறது. எழுத்து தெரியாத பிள்ளை மந்தமான பிள்ளை இல்லை. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பாடப்புத்தகத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு மீன் பெயரிலிருந்து தொடங்கினேன். தரையில் சாக்பீஸால் 'பாரை' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 'காரல்'. இரண்டிலும் இருக்கிற துணைக்காலைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பிறகு சீலா, முரல், சூடை, நெத்திலி. நெத்திலியின் ஒற்றைக்கொம்பு ஒரு நாள் பாடம். பையை இறக்காத அந்தப் பையன்தான் முதன்முதலில் எழுந்து வந்து, 'நகரை'யைத் தானாக எழுதினான். எழுதுவதற்கு வாகாகப் பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டான்.

வருகைப் பதிவுதான் அடுத்த தலைவலி. மாதத்தில் இரண்டு முறை வகுப்பில் பாதி காலியாகும். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். நீர் நன்றாக வற்றும் நாட்கள் அவை. தீவுப் பக்கம் பாசி எடுக்க அம்மாக்கள் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். கண்ணாடி மாட்டி, விரலுக்கெல்லாம் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கும் வேலை. மதியத்துக்கு மேல்தான் கரைக்கு வருவார்கள். அதுவரை தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது நாலாவது, ஐந்தாவது படிக்கும் பெண்பிள்ளைகள். வருகிற பிள்ளைகளும் வெறும் வயிற்றோடு வரும். பதினொரு மணிக்கெல்லாம் கண் செருகி, தலை மேஜையில் சாயும். காலை உணவுத் திட்டம் எங்களைப் போன்ற கிராமத்துப் பள்ளிகளுக்கு 2023 ஆகஸ்டில்தான் வந்தது. அது 2021இலேயே இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் அந்த வருஷம் ஒழுங்காக வந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சத்துணவு அக்கா மட்டும் பசியில் துவண்ட பிள்ளைகளை அடையாளம் வைத்துக்கொண்டு, சாதம் இறக்கியதும் முதலில் அவர்களைக் கூப்பிட்டுத் தட்டில் போட்டுவிடுவார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். எங்கள் இரண்டு கட்டடங்களில் பழையது அந்தப் பட்டியலில் வந்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, கூரைக் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்த கட்டடம் அது. இடித்தது மிகவும் சரி. ஆனால் ஐந்து வகுப்பும் ஒரே அறைக்குள் வந்துவிட்டது.

அதே வாரக் கடைசியில் இன்னொரு இடி. சனிக்கிழமை கடலுக்குப் போன ராமேஸ்வரம் படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்தது. அடுத்து மண்டபத்துப் படகுகள். இரண்டு நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் கைது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை. படகுகளை எல்லாம் கரையில் கட்டிப்போட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கைதான வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அப்பா இல்லை, ஆனால் ஊரில் எந்த வீட்டிலும் வருமானம் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை தினமும் காலையில் வந்ததும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கும்: "டீச்சர், யாழ்ப்பாணம் எம்புட்டுத் தூரம்?" வரைபடத்தில் காட்டினேன். விரலை வைத்து அளந்து பார்த்தது. "கிட்டத்தான இருக்கு, பெறகு ஏன் வரல?" என்றது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். ஜனவரிக் கடைசியில் பலருக்கு விடுதலை உத்தரவு வந்தது. அந்தப் பிள்ளையின் அப்பாவும் வந்து சேர்ந்தார்.

ஜனவரியில் மூன்றாவது அலை என்று மறுபடியும் பள்ளி மூடல். பிப்ரவரி 1 அன்று திறப்பு. அந்த இடைவெளியில் பிள்ளைகள் மறுபடி எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று பயந்திருந்தேன். மறக்கவில்லை. காரணம், எங்கள் தெருவிலேயே பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு பெண். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் வகுப்பு எடுத்தார். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. அது செலவுக்குக்கூடக் காணாது, சார்ட்டும் கலர் பென்சிலும் சொந்தக் காசில் வாங்குவார். பாசி நாட்களில் பள்ளிக்கு வராத பெண்பிள்ளைகள், அம்மா கரைக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அந்தத் திண்ணைக்குப் போய்விடுவார்கள். பகலில் நான் நடத்தியதைச் சுருக்கி அவருக்கு போனில் சொல்லுவேன், இரவில் அவர் யார் எந்த எழுத்தில் தடுமாறுகிறார்கள் என்று எனக்குச் சொல்லுவார். அந்த வருஷம் எங்கள் பள்ளியில் உண்மையில் மூன்று ஆசிரியர்கள் இருந்தோம் என்றுதான் சொல்வேன்.

இடப் பிரச்சினைக்கு ஊர்த் தலைவரிடம் பேசி, புயல் காப்பகத்தின் கூடத்தை வாங்கினோம். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பு அங்கே போனது. பெரிய கூடம், எதிரொலி அதிகம், கரும்பலகை கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கியதும் கரையில் இருந்த அப்பாக்கள் சிலர் வந்து, சுவரில் ஒரு பகுதியைப் பூசிக் கறுப்பு வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். படகுக்கு வாங்கியதில் மிஞ்சிய பெயின்ட்.

அந்த ஏப்ரலில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தோம். 20 பேர், பெரும்பாலும் பெற்றோர், தலைவர் ஒரு தாய். எங்கள் பள்ளியில் தலைவராக வந்தவர் பாசிக்குப் போகிற ஓர் அக்கா. முதல் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் என்று நாங்கள் எழுதி வைத்திருந்ததை வாசித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, "டீச்சர், இதெல்லாம் வேணுந்தேன். அமாவாசைக்கு முன்னப்பின்ன பரீட்சை வைக்காதீக. புள்ள வராது. வராத புள்ளைக்கு மார்க் இல்லேன்டா அது வீட்டோட நின்னுரும்" என்றார். இத்தனை வருஷம் நான் வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டே இருந்த ஒன்றுக்கு அவர் ஒரு நிமிஷத்தில் வழி சொல்லிவிட்டார்.

2022 ஜூனில், சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகளாகப் பிரித்து, பிள்ளை இருக்கிற நிலையிலிருந்து தொடங்கலாம் என்று அரசே சொன்னது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். என் 'பள்ளி பார்க்காத' வகுப்பில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்புக்கு மொட்டில் வந்தார்கள், சிலர் அரும்பில், இரண்டு மூன்று பேர் மலரில். பையைக் கழற்றாத பையன் மொட்டு. புதுக் கட்டடம் வர அதற்குப் பிறகும் நாளானது, காப்பகத்தில்தான் ஓட்டினோம். பள்ளி அளவில் நாங்களே வைக்கும் சின்னத் தேர்வுகளுக்கும் பெற்றோர் கூட்டங்களுக்கும் நாள் குறிக்கும்போது, தலைமையாசிரியர் மேஜையில் இப்போது தினசரி நாட்காட்டி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமிப் பக்கங்களை முதலிலேயே சிவப்பு மையில் சுழித்து வைத்துவிடுகிறார்.