மீன் தப்பாமலிருக்கப் போட்ட கம்பிவலை

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து வாங்கிய நிலத்தில், ஓடையை மறித்துக் கட்டிய பழைய மண் அணையும் சிறிய ஏரியும் உள்ளன. படகு விடவும் மீன் பிடிக்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். வளர்ப்பு மீன்கள் வெளியேறாதிருக்க, உபரி நீர் வழிந்தோடும் கலிங்கில் கம்பிவலை அடித்திருக்கிறோம். அண்மைக்காலமாகக் கரையின் வெளிப்புற அடிவாரத்தில் ஓரிடம் மழையில்லாத நாளிலும் சொதசொதவென்று இருக்கிறது. அணையை நாங்கள் கட்டவில்லை. அது உடைந்தால் பொறுப்பு எங்களுடையதா?

பதில்: பொறுப்பைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கம்பிவலையைக் கழற்றுங்கள். வெள்ளத்தில் மிதந்து வரும் இலையும் கிளையும் வலையை அடைத்துவிட்டால், வெளியேற வழியில்லாத நீர் கரையின் மேலேறி வழியும். அப்படி வழியும் நீரை மண் அணை நெடுநேரம் தாங்காது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் அணையும் உங்களுடையதைப் போலவே பொழுதுபோக்குக்காக வாங்கப்பட்டதுதான். செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டை மன்றம் ஒன்று அதை வைத்திருந்தது. மீன்களுக்காகக் கலிங்கில் தடுப்பு வைத்திருந்தார்கள். வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் நீரை வெளியேற்றும் குழாய்களையோ முந்தைய உரிமையாளர் எடுத்த பின் யாரும் மீண்டும் பதிக்கவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் அணை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரிலும் சுற்றிலும் 2,209 பேர் இறந்தனர். உங்கள் ஏரி அதைவிடப் பன்மடங்கு சிறியதாக இருக்கலாம். ஆனாலும் கரைக்கு நேர் கீழே ஒரே ஒரு வீடு இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

ஈரமான இடத்தைப் பொறுத்தவரை, அங்கே ஊறும் நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால், நீர் கரையின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் அணைப் பொறியாளரை அழைத்து, அவர் சொல்லும் வேகத்தில் மதகு வழியாக நீர்மட்டத்தை இறக்க வேண்டும்; சட்டென்று இறக்கினால் ஈரம் நிறைந்த உட்சரிவு சரியக்கூடும். (உங்கள் மதகு கடைசியாக எப்போது திறந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?) நீர் தெளிவாக இருந்தாலும் அதன் அளவைக் குறித்துவைத்து, பொறியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பலரும் செய்வதுபோல் கசியும் வாயில் களிமண்ணைத் திணிக்காதீர்கள்; நீர் உள்ளே அழுத்தம் கூட்டி வேறு வழி தேடும்.

இனி பொறுப்பு. இங்கிலாந்தில் 1868-இல் முடிந்த ரைலண்ட்ஸ் - ஃபிளெட்சர் வழக்கில், ஆலை உரிமையாளர் ஒருவர் ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு கட்டிய நீர்த்தேக்கத்தின் நீர் அண்டைச் சுரங்கத்தில் புகுந்தது. அவர்மீது கவனக்குறைவு ஏதும் இல்லாதபோதும், இழப்பை அவரே ஏற்க வேண்டும் என்று தீர்ப்பானது. இந்தக் கொள்கையை எல்லா நாடுகளும் அப்படியே பின்பற்றுவதில்லை என்றாலும், "நான் கட்டவில்லை" என்ற வாதத்தை நம்பி உறங்க வேண்டாம். அதிலும் கம்பிவலை நீங்களே அடித்தது.

நால்வரும் பத்திரத்தில் கையெழுத்திட்டதுபோல, பராமரிப்புச் செலவை யார் எவ்வளவு தருவது, நள்ளிரவு மழையில் மதகைத் திறக்கப் போவது யார் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் பின்புறத்தில் கரைக்குக் கீழே குடியிருப்பவர்களின் தொலைபேசி எண்கள் இருக்கட்டும்.