பதில் வராத டிஸ்க் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். மாலையில் திறந்த மூல மென்பொருள்களில் எதையாவது நோண்டுவது பழக்கம். விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் ஒரு மென்பொருளுக்கு, வேறு சர்வரில் இருக்கும் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக இணைக்கும் வசதியை எழுதி அனுப்பினேன். 700 வரி, ஒரே பேட்ச் (கோடில் செய்த மாற்றங்களின் தொகுப்பு). என் கணினியில் அருமையாக ஓடுகிறது. சர்வரை நிறுத்தியும் சோதித்தேன், பிழை ஒழுங்காக வருகிறது.

மூன்று வாரம் கழித்து ரிவ்யூ, அதாவது கோடைப் படித்துப் பார்த்தவரின் கருத்து, வந்தது. ஒரு வரி நன்றி, 41 குறிப்புகள். ஐந்தாகப் பிரித்து அனுப்பு, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும், கடவுச்சொல் எங்கே போகிறது, இரண்டு வருடம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் கேள்வி. திருத்தி, ஐந்தாகப் பிரித்து அனுப்பினேன். இப்போது மறுபடி 17. ஓடுகிற கோடுக்கு எதற்கு இத்தனை விசாரணை? புது ஆள் என்று அலைக்கழிக்கிறார்களா? நீங்கள் பல வருடம் ரிவ்யூ செய்தவர் என்பதால் கேட்கிறேன். விட்டுவிடலாமா?

அன்புடன்,
ஆர்., தொண்டி

அன்புள்ள தம்பி,

நீங்கள் இணைத்திருந்த பேட்ச்சுகளையும் அவற்றின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளையும் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். 41 குறிப்பு எழுதியிருக்க மாட்டேன், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அந்த மனிதர் உங்கள் 700 வரியையும் கடைசி அடைப்புக்குறி வரை படித்திருக்கிறார். 688ஆம் வரியில் விடுவிக்காமல் விட்ட மெமரியைக்கூடப் பிடித்திருக்கிறார். அலைக்கழிக்க நினைப்பவர் அவ்வளவு தூரம் வரமாட்டார். பதில் போடாமல் இருந்தாலே வேலை முடிந்துவிடுமே.

இந்தத் துறையில் இல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். ஒரு கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல் காட்டுவது விர்ச்சுவல் மெஷின். உள்ளே இருப்பது கெஸ்ட், சுமப்பது ஹோஸ்ட். லினக்ஸில் இதன் பின்னால் பெரும்பாலும் இருப்பவை, ஃபாப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் தொடங்கிய க்யூஎமுவும் 2007இல் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்த கே.வி.எம்.மும். கெஸ்ட்டின் டிஸ்க் ஹோஸ்ட்டிலேயே ஒரு கோப்பாக இருக்கலாம், வேறு சர்வரிலும் இருக்கலாம். வேறு சர்வரில் இருந்தால், ஒரு ஹோஸ்ட் படுத்துவிட்டாலும் அந்தக் கெஸ்ட்டை இன்னொரு ஹோஸ்ட்டில் எழுப்பிவிடலாம். என்.பி.டி., ஐஸ்கஸி, செஃப் என்று இதற்குப் பல வழிகள் உண்டு. தம்பி எழுதியது அப்படி ஒன்றுக்கான இணைப்பு.

கெஸ்ட்டுக்கு இதெல்லாம் தெரியாது. தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு டிஸ்க் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கிறது. சொந்த டிஸ்க்கிடம் ‘எழுது’ என்றால் ‘எழுதினேன்’ என்று வரும், இல்லாவிட்டால் ‘முடியவில்லை’ என்று வரும். நெட்வொர்க் டிஸ்க்கில் மூன்றாவதாக ஒன்று உண்டு: எந்தப் பதிலும் வராமல் இருப்பது. உங்கள் பேட்ச்சில் முதல் பதிலுக்கு நல்ல தார்ச்சாலை இருக்கிறது. இரண்டாவதற்கு ஒற்றையடிப் பாதை. மூன்றாவதற்கு வழியே இல்லை.

சர்வரை நிறுத்திச் சோதித்ததாகச் சொல்கிறீர்கள். சர்வர் புரோகிராமை நிறுத்தினால், அது ஓடிய கணினியின் கெர்னல் ‘இணைப்பு முடிந்தது’ என்று உங்களிடம் சொல்லிவிடும். அது இரண்டாவது பதில்தான். கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அல்லது சர்வர் பக்கத்து ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் கீழே போடச் சொல்லுங்கள். அனுப்பியதற்கு ரசீது வராவிட்டால் லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், அது கைவிடுவதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகும். அனுப்ப ஒன்றுமில்லாமல் சும்மா திறந்து கிடக்கும் இணைப்பு இன்னும் மோசம். எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினாலும் முதல் சோதனை இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

அந்த 15 நிமிடமும் உங்கள் ஃபங்ஷன் (கோடில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) எங்கே நிற்கிறது? ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய, நிர்வாக மென்பொருளின் பொதுப் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கெஸ்ட்டின் டிஸ்க் பேசவில்லை என்பதற்காக, அதே ஹோஸ்ட்டில் இருக்கும் மற்ற முப்பது கெஸ்ட்டுகளையும் நிறுத்த முடியாது, நகர்த்த முடியாது, நிலவரம்கூடக் கேட்க முடியாது. முதல் ரிவ்யூவின் 14ஆவது குறிப்பு இதைத்தான் ஒரே வரியில் கேட்டிருக்கிறது. நீங்கள் ‘சரிபார்த்துவிட்டேன்’ என்று பதில் எழுதியிருக்கிறீர்கள்!

தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்கு ஆள் போன வீடுகளுக்கு இந்த மூன்றாவது பதில் நன்றாகத் தெரியும். டோக்கன் வாங்கிப் போன படகு மறுநாள் காலையில் கரைக்கு வரவேண்டும். வரவில்லை. எஞ்சின் மக்கர் செய்திருக்கலாம், பிடித்துக்கொண்டு போயிருக்கலாம், பாடு நன்றாக இருந்து தாமதமாகலாம். எத்தனை மணி வரை சும்மா இருப்பது, எப்போது பக்கத்துப் படகுக்காரரைக் கேட்பது, எப்போது மீன்துறை அலுவலகத்துக்கு நடப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். ஏழு மணிக்கே அழுது ஊரைக் கூட்ட மாட்டார்கள். ‘வந்திருக்கும்’ என்று சொல்லி அடுப்பையும் பற்றவைக்க மாட்டார்கள்.

உங்கள் கோடுக்கும் அந்தக் கணக்கு வேண்டும். காத்திருக்கலாம். க்யூஎமுவின் என்.பி.டி. பகுதியில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: இணைப்பு அறுந்தால் இத்தனை விநாடி வரை கோரிக்கைகளை நிறுத்திவைத்து மறுபடி இணைய முயல், அதற்கு மேல் போனால் பிழை சொல் என்று. சொல்லாவிட்டால் அது பூஜ்யம், காத்திருப்பே கிடையாது. பிழையைக் கெஸ்ட்டிடமே சொல்லிவிடலாம். ஆனால் கெஸ்ட் தன் டிஸ்க் செத்துவிட்டதாக நினைக்கும், ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை பெரும்பாலும் ‘இனி படிக்க மட்டும்தான்’ என்று கதவை அடைத்துவிடும், சர்வர் திரும்பி வந்தாலும் ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டும். கெஸ்ட்டையே உறையவைத்துவிட்டு, டிஸ்க் வந்ததும் ஓடவிடலாம். அப்போது கெஸ்ட்டுக்கு எதுவும் தெரியாது, அதன் சேவையை நம்பியிருக்கும் வெளியாட்களுக்குத்தான் தெரியும். எதைத் தேர்ந்தாலும் எனக்குச் சம்மதம். தேர்ந்ததை ஆவணத்தில் எழுதுங்கள். தேராமல் விட்டதுதான் உங்கள் குறை.

சரி, என் கதை. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அக்கா மகள் கல்யாணம், மண்டபம் ஊரில் எங்கள் வீட்டிலேயே. தாய்மாமன் நான். மொய்நோட்டு எதற்கு, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று அலட்டிக்கொண்டேன். நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த நெட்வொர்க் டிஸ்க் கோடைத்தான் அதற்கும் பயன்படுத்தினேன். (கல்யாண வீட்டில் சோதனை ஓட்டம் நடத்தக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.) வாடைக்காற்றுக் காலம். நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஹோஸ்ட் இருந்த அறைக்கு மட்டும்தான், டிஸ்க் இருந்த கணினி பின்கட்டில். இருபது நிமிடம். நான் பாட்டுக்குப் பெயரையும் தொகையையும் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று தோன்றியதே தவிர, ஒவ்வொன்றுக்கும் ‘சேமிக்கப்பட்டது’ என்றே வந்தது. இரவு திறந்து பார்த்தால் அந்த இருபது நிமிடத்தில் வந்த அறுபது சொச்சம் பேரைக் காணோம். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து யார் எவ்வளவு செய்தார் என்று மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, நான் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். மூன்று பேரைத்தான் விட்டிருந்தார். அந்த மூவரில் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பிழை ஒரே எழுத்து. ஃபங்ஷனின் தலைப்பில் ‘ரெட்’ (ret) என்ற மாறியைப் பூஜ்யமாக வைத்துத் தொடங்கியிருந்தேன். பூஜ்யம் என்றால் வெற்றி. ஐந்து விநாடி பதில் வராவிட்டால் கோடு கடைசி வரிக்குத் தாவும், போகிற வழியில் ரெட்டை மாற்ற மறந்துவிட்டேன். ஆக, பதில் இல்லை என்பதைக் கெஸ்ட்டிடம் ‘எழுதியாயிற்று’ என்று சொல்லியிருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் இந்த மாறியைக் கழித்தல் ஒன்றில், அதாவது தோல்வியில், தொடங்குவார்கள். எல்லாம் முடிந்த கடைசி வரியில் மட்டும் பூஜ்யமாக்குவார்கள். பாம்பன் பாலத்தில் காற்று ஓர் அளவைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போய்விடும், பச்சைக்குத்தான் காரணம் வேண்டும். அதே புத்திதான் இதுவும். உங்கள் ரிவ்யூவர் நான்கு இடங்களில் இதைச் சுட்டியிருக்கிறார். நீங்கள் அதை ‘நடை சார்ந்த திருத்தம்’ என்று வகைப்படுத்தியிருந்தது எனக்குச் சுருக்கென்றது.

கடவுச்சொல் விஷயத்தில் வாதாடவே வேண்டாம். டிஸ்க் சர்வரின் கடவுச்சொல்லை க்யூஎமுவைத் தொடங்கும் கட்டளை வரியிலேயே போடுகிறீர்கள். அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும், ஓடும் புரோகிராம்களின் பட்டியலைக் கேட்டாலே அது தெரியும். இது கற்பனைப் பயம் இல்லை. செஃப் டிஸ்க்குக்கான சாவியை, விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்ற மென்பொருள் இப்படித்தான் கட்டளை வரியில் கொடுத்துக்கொண்டிருந்தது. அது சி.வி.ஈ-2015-5160 என்று பாதுகாப்புக் குறையாகவே பதிவானது, 2016இல் வந்த 2.2 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். அதே வருடம் க்யூஎமு 2.6இல் ரகசியங்களைத் தனியாக ஒப்படைக்க வழி வந்துவிட்டது. வழி இருக்கும்போது பழைய பள்ளத்தில் போய் விழுவானேன்?

முகவரியையும் போர்ட்டையும் பிரிக்க முதல் முக்காற்புள்ளியில் வெட்டுகிறீர்கள். ஐ.பி. ஆறாம் பதிப்பு முகவரிக்குள் முக்காற்புள்ளி ஏகப்பட்டது. சதுர அடைப்புக்குள் வரும் முகவரியைத் தனியாகப் பாருங்கள்.

ஐந்தாகப் பிரிக்கச் சொன்னதுதான் உங்களை அதிகம் புண்படுத்தியிருக்கிறது என்று தோன்றுகிறது. இரண்டு வருடம் கழித்து எங்கோ ஒரு டிஸ்க் திறக்காமல் போகும். எந்த மாற்றத்தில் கெட்டது என்று தேடுகிறவர், பாதி வரலாற்றுக்குப் போய் ஓட்டிப் பார்ப்பார், பிறகு அந்தப் பாதியில் பாதி. ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்தே தாவலில் குற்றவாளி கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்தது உங்கள் 700 வரி மூட்டையாக இருந்தால் அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு துண்டும் தனியாக பில்ட் ஆக (ஓடும் புரோகிராமாக மாற) வேண்டும், டெஸ்ட் ஓட வேண்டும் என்பதும் இதற்காகத்தான். நீங்கள் பிரித்த விதத்தில் இரண்டாவது பேட்ச், நான்காவதில் வரும் ஃபங்ஷனை அழைக்கிறது. நடுவில் நிறுத்தினால் பில்ட் ஆகாது. பெயர் மாற்றம், இடமாற்றம் போன்ற நடத்தை மாறாத வேலையை முதலில் வையுங்கள். பிறகு கெஸ்ட்டின் அமைப்பை விவரிக்கும் எக்ஸ்.எம்.எல். கோப்பைப் படிப்பதும் எழுதுவதும், அதற்கான ஆவணமும். உண்மையான இணைப்பு அதற்குப் பின். டெஸ்ட்டுக்கு நெட்வொர்க்கே வேண்டாம். இந்த எக்ஸ்.எம்.எல். கொடுத்தால் இந்தக் கட்டளை வர வேண்டும் என்று ஜோடிக் கோப்புகள் போதும்.

யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வி மரியாதைக் குறைவாகப் பட்டதா? ஷீப்டாக் என்றொரு நெட்வொர்க் டிஸ்க் அமைப்பு இருந்தது. ஜப்பானில் என்.டி.டி.யில் பிறந்தது. 2010களின் தொடக்கத்தில் க்யூஎமுவிலும் லிப்விர்ட்டிலும் அதற்கு ஆதரவு சேர்ந்தது. பின்னால் அதன் சர்வர் பக்கத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போய், க்யூஎமு 2021இல் அதை எடுத்துவிட்டது. நன்றாக எழுதப்பட்ட கோடுதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில், டிஸ்க்குகளைக் கையாளும் பிளாக் அடுக்கில் ஒவ்வொரு முறை மாற்றம் வந்தபோதும், யாரும் பயன்படுத்தாத அந்தக் கோப்பையும் யாரோ ஒருவர் திருத்திக்கொண்டே இருந்திருப்பார். உங்களிடம் கேட்டது அந்த யாரோ ஒருவர்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். இரண்டாம் சுற்றின் ஆறாவது குறிப்பில், கெஸ்ட்டைப் பதிவுசெய்யும்போதே சர்வர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். எனக்கு அது தவறாகப் படுகிறது. சர்வர் அணைந்திருக்கும்போதும் பதிவுசெய்ய முடிய வேண்டும், தொடங்கும்போது பார்த்தால் போதும். பதிவுசெய்யும் இடத்தில் தொட்டால் அந்த 15 நிமிடப் பூட்டு அங்கேயும் வந்து உட்காரும். இதைக் காரணத்தோடு எழுதுங்கள், அவர் கேட்பார் என்றே நினைக்கிறேன். வெற்றுவரி, ஃபங்ஷன் பெயர் பற்றிய ஐந்தாறு குறிப்புகளுக்கு வாதம் வேண்டாம், செய்துவிடுங்கள். வீடு அவர்களுடையது.

17 குறிப்பு எழுதியும் ஒன்று அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. மூன்றாவது பேட்ச், 188ஆம் வரி. ரெட் இன்னும் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து