சோடியம் ஒரே ஒரு எலக்ட்ரானை மட்டும் இழந்து அயனியாவது ஏன்?

சோடியம் தன் எலக்ட்ரானை ‘விரும்பி’க் கொடுப்பதாகப் படித்ததாகவும், அப்படியானால் இரண்டாவதை ஏன் கொடுப்பதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சோடியம் அணுவின் கருவில் 11 புரோட்டான்களும், அதைச் சுற்றி 2, 8, 1 என மூன்று கூடுகளில் (அடுக்குகளில்) 11 எலக்ட்ரான்களும் இருப்பதால் அணு மின்சுமையற்றது. வெளிக்கூட்டின் ஒற்றை எலக்ட்ரான் நீங்கினால் ஒரு நேர்மின்சுமை மிஞ்சும்; இப்படி மின்சுமை பெற்ற அணுவே அயனி. கருவில் எதுவும் மாறாததால் அது அப்போதும் சோடியம்தான்.

குழப்பம் ‘விருப்பம்’ என்ற சொல்லில் இருக்கிறது. வாயு நிலையிலுள்ள ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் பயன்படும் நிலையான அளவு) சோடியம் அணுக்களிலிருந்து அந்த எலக்ட்ரான்களைப் பிரிக்கச் சுமார் 496 கிலோஜூல் செலவாகிறது; அவற்றை, சோடியத்துடன் சேர்ந்து உப்பாகும் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது 349 கிலோஜூல்தான் திரும்பக் கிடைக்கிறது. கணக்கு இடிக்கிறது அல்லவா? எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து உப்புப் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் சுமார் 787 கிலோஜூல் ஆற்றலே இந்தப் பற்றாக்குறையைத் தாராளமாக ஈடுகட்டுகிறது.

இரண்டாவது எலக்ட்ரான், கருவுக்கு நெருக்கமான, நிரம்பிய உள்கூட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு மோலுக்கு ஏறக்குறைய 4,560 கிலோஜூல் தேவை. எந்தப் படிகமும் அந்தச் செலவைத் தாங்காது. வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் கொண்ட மெக்னீசியம் இரண்டையும் இழப்பதற்கும், மூன்றாவதை விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் இதே காரணம்தான்.

இன்னொன்று: சமையல் உப்பை நீரில் கரைக்கும்போது அயனிகள் புதிதாகப் பிறப்பதில்லை. படிகத்திலேயே இருந்தவற்றை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிரித்தெடுக்கின்றன.